நட்டவரும் வளர்த்தவரும்: சிங்கப்பூர் மரநடுகை வரலாற்றில் இளையோர்



மரத்தோடு தொடர்புடைய வினைச்சொற்கள் தமிழில் பல உள்ளன. அவற்றுள் இரண்டை எடுத்துக்கொண்டு இவ்வுரையைத் தொடங்குவோம். ஒன்று ‘நடு’, மற்றொன்று ‘வளர்’. நட்டான், நட்டாள், நட்டனர் என்னும்போது செய்பவர் ஒருவர் இருக்கிறார். செயலும் அப்பொழுதே முற்றுப்பெற்றுவிடுகிறது. ‘வளர்’ என்னும் வினை அத்தகையதன்று. மரம் வளர்ந்தது எனின் தன்வினை. மரத்தை வளர்த்தனர் எனின் பிறவினை. வேர்ச்சொல் ஒன்றே. காலம் காட்டும் உறுப்பு மாறும்போது, தானே நிகழ்வது பிறர் முயற்சியால் நிகழ்வதாகிவிடுகிறது. மேலும், ‘நேற்று ஒரு மரம் நட்டோம்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ‘நேற்று ஒரு மரம் வளர்த்தோம்’ என்று எவரும் சொல்வதில்லை. வளர்த்தல் ஒரு நாளுக்குள் அடங்காது என்பதை மொழியறிவே நமக்கு உணர்த்திவிடுகிறது.

சிங்கப்பூரில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்றுவரும் மரநடுகையின் வரலாற்றை இவ்விரு வினைகளின் துணைகொண்டு படிக்க இயலும். அவ்வரலாற்றில் பள்ளி மாணவர்களுக்கும் இளையோர்க்கும் நெடுநாளாகவே இடம் உண்டு. அவ்விடம் நடுவோர்க்குரிய இடமாக மட்டும் இருந்ததா, வளர்ப்போர்க்குரிய இடமாகவும் மாறியதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாணவர்களைக் கன்றும் மண்வெட்டியுமாக அழைத்துச் செல்லும் நாட்டில் இவ்வினாவிற்குப் பயன் மிகுதி.

1. காடு குறைந்த நூற்றாண்டு

1819இல் ஆங்கிலேயர் இங்கு வணிகத்தளம் நிறுவியபோது தீவின் பெரும்பகுதி காடாக இருந்தது. கரையோரங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் சதுப்புநிலக் காடுகள் அடர்ந்திருந்தன. அக்காடு குறைந்ததற்குக் காம்பியர் பயிர் ஒரு முதன்மைக் காரணம். வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியை ஒத்த பொருளையும் தோல் பதனிடும் சாற்றையும் தருவது அச்செடி. அதன் இலைகளைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்கப் பெருமளவு விறகு தேவைப்பட்டது. பயிரிடக் காட்டை வெட்டினர். காய்ச்சவும் காட்டையே வெட்டினர். ஏறத்தாழ பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வளம் குன்றியதும் அந்நிலத்தைக் கைவிட்டு வேறிடம் பெயர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது.

ஜாதிக்காய்த் தோட்டங்களும் அந்நாளில் பரவின. இன்றைய ஆர்ச்சர்ட் சாலையின் பெயர் அங்கிருந்த தோட்டங்களை நினைவூட்டுவது. 1850களின் பிற்பகுதியில் நோய் தாக்கியதால் அத்தோட்டங்களும் அழிந்தன.

1859இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் தோன்றியது. 1880இல் அதன் பொறுப்பேற்ற நத்தேனியல் காண்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி 1883இல் ஓர் அறிக்கை அளித்தார். காடழிவின் அளவை அரசாங்கத்திற்கு எடுத்துக்காட்டிய ஆவணம் அது. அதன் விளைவாகக் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. புக்கிட் தீமா காப்புக்காடு அவற்றுள் ஒன்று. வெறுமையான நிலங்களில் மீண்டும் மரம் வைக்க நாற்றங்கால்களும் அமைக்கப்பட்டன.

இக்காலத்து மரநடுகை முழுவதும் ஆட்சியாளரின் அலுவலாகவே இருந்தது என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். திட்டமிட்டவர் அதிகாரி, உழைத்தவர் கூலியாள். பள்ளிக்கோ பொதுமக்களுக்கோ அதில் இடம் இருக்கவில்லை. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இந்நகரத்தின் சாலைகளை அமைத்தனர். பிற்காலத்தில் நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் உடலுழைப்பாளராக இருந்தோருள் தமிழர் மிகுதி. சாலையும் சாலையோரமும் அவர்தம் கைபட்டவை. அவர்களுடைய பெயர்கள் எந்த மரத்தடியிலும் பொறிக்கப்படவில்லை.

2. 1963 முதல் 1971 வரை

1963 ஜூன் 16ஆம் நாள், அந்நாள் பிரதமர் லீ குவான் இயூ, ஃபேரர் சர்க்கஸ் வட்டச் சந்திப்பில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மெம்பாட் இம்மண்டலத்திற்குரிய மரம். பூக்கும் காலத்தில் மரம் முழுவதும் இளஞ்சிவப்பாகக் காட்சியளிப்பது. சிங்கப்பூர் மலேசியாவில் இணைவதற்கு மூன்று மாதங்களே இருந்த அரசியல் பரபரப்புக் காலம் அது.

தனிநாடான பின், 1967 மே 11ஆம் நாள் ‘தோட்ட நகரம்’ என்னும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. அதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் விரைந்து எழுந்தன. நிழலின்றி அவை வாழத்தக்கவையாக இரா. ஒழுங்குற அமைந்த பசுமை, வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு இந்நாட்டின் திறமையையும் கட்டுப்பாட்டையும் சொல்லாமற் சொல்லும் என்றும் கருதப்பட்டது. 1970ஆம் ஆண்டின் இறுதிக்குள் 55,000க்கும் மேற்பட்ட புதிய மரங்கள் நடப்பட்டன.

1971 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முதலாவது மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. அன்று பிரதமர் பொறுப்பை வகித்த டாக்டர் கோ கெங் சுவீ, ஃபேபர் மலையுச்சியில் தூங்குமூஞ்சி மரக்கன்று ஒன்றை நட்டார். தீவெங்கும் பள்ளிகளிலும் வீடமைப்புப் பேட்டைகளிலும் மாணவர்களும் குடியிருப்பாளர்களும் அடித்தளத் தலைவர்களும் கன்றுகளை நட்டனர்.

நவம்பர் மாதத்தைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. மழை பெய்வதால் கன்றுகளுக்கு நீரூற்றும் வேலை குறையும். இது அறிவார்ந்த ஏற்பாடே. ஆயினும் இதில் மறைந்துள்ள ஒரு செய்தியை நாம் நோக்க வேண்டும். நட்டவர் மறுநாள் திரும்பி வரமாட்டார் என்பதை இந்நாட்காட்டி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுள்ளது. நடுவது மக்களின் பங்கு. நீரூற்றுவது மழையின் பங்கும் பணியாளரின் பங்கும் ஆயின.

3. விரைந்து கிடைத்த நிழல்

தொடக்கக் காலத்தில் விரைந்து வளரும் மரங்களுக்கே முதலிடம் தரப்பட்டது. தூங்குமூஞ்சி, அங்சானா, இயல்வாகை ஆகியவை சாலையோரங்களை நிரப்பின. இவற்றுள் அங்சானா மரத்தின் பருத்த கிளைகளை வெட்டி நட்டாலே வேர்பிடித்துவிடும். விதையிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் உயரத்திற்கும் மேற்பட்ட தண்டுகளை நட்டு, சில ஆண்டுகளில் நிழல் பெற்றனர். ‘உடனடி மரம்’ என்று அதனை அழைத்தனர்.

விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரே வகை மரத்தை வரிசை வரிசையாக நட்டால் ஒரு நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். அங்சானாவை வாடச்செய்யும் நோய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தீவின் சாலையோர மரங்கள் பலவற்றை அழித்திருந்தது. ஆகவே பிற்காலத்தில் வகைகளைப் பெருக்குவதிலும் இம்மண்ணுக்குரிய மரங்களை நடுவதிலும் கவனம் திரும்பியது. 1980களில் குடியிருப்புப் பேட்டைகளில் பழமரங்களும் நடப்பட்டன.

1975இல் பூங்காக்கள், மரங்கள் சட்டம் நிறைவேறியது. சாலை அமைப்போரும் கட்டடம் எழுப்புவோரும் மரத்திற்கென நிலம் ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதனால் ஏற்பட்டது. 1991இல் மரப்பாதுகாப்பு வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டன. அவ்வட்டாரங்களில், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது. 1974இல் ஏறத்தாழ 158,600ஆக இருந்த மரஞ்செடிகளின் எண்ணிக்கை 2014இல் ஏறத்தாழ 14 இலட்சமாக உயர்ந்தது.

இவ்வெண்களின் பின்னே நாள்தோறும் நிகழ்ந்த உழைப்பு இருக்கிறது. குழி தோண்டுதல், இறுகிய கட்டுமான மண்ணை இளக்குதல், முட்டுக்கொடுத்தல், களையெடுத்தல், கிளை கழித்தல், வறண்ட நாள்களில் நீர்வண்டியோடு செல்லுதல் ஆகிய பணிகளை ஊதியம் பெறும் பணியாளரே செய்துவந்துள்ளனர். இன்றும் அப்பணியாளருள் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் பலர். இளையோரின் பசுமைப் பணியைப் பற்றிப் பேசும் எவரும் இவர்களை மறந்துவிட்டுப் பேசலாகாது. மாணவர் நட்ட கன்று மரமாக நிற்கிறது என்றால், இடையில் யாரோ ஒருவர் அதற்கு நீரூற்றியிருக்கிறார்.

4. பள்ளியும் மணிக்கணக்கும்

1990இல் மரம் நடும் நாள், ‘தூய்மை, பசுமை வாரம்’ என்னும் பரந்த இயக்கத்தோடு இணைக்கப்பட்டது. மரநடுகை தனித்து நிற்பதை விடுத்து, குப்பை குறைத்தல், நீர்ச் சிக்கனம், மறுபயனீடு ஆகியவற்றோடு சேர்ந்து நின்றது. சுற்றுச்சூழல் பேணுதல் என்னும் சொற்றொடர் பாடநூல்களிலும் கட்டுரைத் தலைப்புகளிலும் நிலைபெற்ற காலமும் இதுவே.

1997இல் கல்வியமைச்சு பள்ளிகளில் சமூக ஈடுபாட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மணிநேரம் சமூகப் பணியில் ஈடுபட வேண்டும் என்பது அதன் விதி. தொண்டு செய்யும் பழக்கமே இல்லாத பிள்ளைகளையும் அது வெளியே அழைத்துவந்தது. எனினும் மணிநேரத்தால் அளக்கப்படும் பணிக்கு மரநடுகையின் முதற்பகுதி மட்டுமே பொருந்தும். ஒரு காலைப்பொழுதில் கன்று நட்டால் மூன்று மணிநேரம் கணக்கில் ஏறும். அக்கன்று அடுத்த ஆண்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கணக்கேட்டில் கட்டம் இல்லை.

2012இல் இத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. விழுமியங்களைச் செயலில் காட்டுதல் என்னும் பொருள்படும் புதிய பெயரில், மணிக்கணக்கைக் காட்டிலும் மாணவர்தாமே சிக்கலை உணர்ந்து பொறுப்பேற்பதற்கு முதன்மை தரப்பட்டது. நம் சொற்களில் கூறுவதாயின், கொள்கையளவில் ‘நடு’ என்பதிலிருந்து ‘வளர்’ என்பதற்கு நகர்ந்த திருப்பம் இது. திருப்பம் வகுப்பறையில் நிகழ்ந்ததா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். அது ஆசிரியர் கையில் உள்ளது.

2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. குடியிருப்பாளர்களும் பள்ளிகளும் தமக்கென ஒரு நிலத்துண்டைப் பெற்றுத் தாமே பயிரிட்டுத் தாமே பேணுகின்றனர். ஒரு நாள் விழாவில் காண இயலாத ஒன்று இத்தோட்டங்களில் இயல்பாகவே அமைந்தது. கறிவேப்பிலையும் முருங்கையும் வெண்டையும் அறிந்த பாட்டிமாரும் அவற்றைக் கடையில் மட்டுமே கண்ட பேரப்பிள்ளைகளும் ஒரே பாத்தியருகே நின்றனர். அங்கே மாணவர் கற்பது தாவரம் மட்டுமன்று. பாத்தி, வரப்பு, பதியன், உரம், பூச்சி, பிஞ்சு என்னும் சொற்களையும் அவை பயன்படும் இடத்திலேயே கற்கின்றனர்.

5. இருப்பதைக் காத்த கைகள்

புதிதாக நடுவது ஒரு பணி. இருப்பது அழியாமற் காப்பது மற்றொரு பணி. பின்னதில் பொதுமக்கள் காட்டிய முனைப்பு தனியே எழுதப்பட வேண்டியது.

தீவின் வடமேற்கில் உள்ளது சுங்கை பூலோ. மலாய்ப் பெயருக்கு ‘மூங்கில் ஆறு’ என்பது பொருள். 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், வலசை வரும் பறவைகள் அங்கே மிகுதியாகத் தங்குவதைக் கண்டு, அவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் எடுத்துரைத்தனர். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

புலாவ் உபின் தீவின் கிழக்குமுனையில் உள்ள செக் ஜாவா கடற்கரை நில மீட்புப் பணிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 2001இல் அங்குள்ள கடல்வாழ் உயிர்களின் வளம் பரவலாகத் தெரியவந்தபோது, தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் உயிரினங்களைப் பட்டியலிட்டனர். பொதுமக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்த்தனர். அவ்வாண்டின் இறுதியில் நில மீட்புப் பணியை ஒத்திவைக்க அரசாங்கம் முடிவு செய்தது.

இவ்விரண்டு நிகழ்வுகளிலும் பயன்பட்ட கருவி மண்வெட்டியன்று, குறிப்பேடு. ‘இங்கே இன்ன உயிர் இருக்கிறது’ என்று பெயர் சொல்லி எழுதிய பட்டியலே சான்றாக நின்றது. பெயர் தெரியாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க இயலாது. பட்டியலில் இல்லாததை அழிவிலிருந்து காக்க வாதிடவும் இயலாது. மொழியாசிரியர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று நாம் கருதுவது இதனாலேயே.

6. மணலில் மறந்த விதை

இளையோர் மரம் வளர்த்த செய்தியைத் தமிழிலக்கியத்தில் தேடுவோர்க்கு நற்றிணையின் 172ஆம் பாடல் கிடைக்கும். தோழியரோடு விளையாடிய சிறுமியர் புன்னை விதையொன்றை மணலில் அழுத்தி வைத்து, பின் அதனை மறந்துவிட்டனர். அது முளைத்தது. முளைத்ததைக் கண்டபின் நெய்கலந்த பாலூற்றி வளர்த்தனர். அப்புன்னை உங்கட்குத் தங்கை முறையாகும் என்று அன்னை கூறுகிறாள். வளர்ந்து பருவமெய்திய தலைவி, தங்கையாகிய அம்மரத்தின் முன்னே தலைவனோடு நகையாட நாணுகிறாள்.

இப்பாடலைக் காதற்பாடலாகவே நாம் வகுப்பில் விளக்குகிறோம். நடுதல், வளர்த்தல் என்னும் வேறுபாட்டை நோக்கி மீண்டும் படித்தால் வேறொரு நுட்பம் புலப்படும். விதையை ஊன்றியது விளையாட்டு. அதனைச் சிறுமியர் மறந்தும்விட்டனர். உறவு பிறந்தது ஊன்றியதால் அன்று, முளைத்தபின் பேணியதால். வளர்த்ததால் மட்டுமே அம்மரம் தங்கையாயிற்று.

தொல்காப்பிய மரபியலும் இங்கே நினைக்கத்தக்கது. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய இளமைப் பெயர்களை ஓரறிவுயிர்களுக்கும் வழங்கலாம் என்று அது கூறுகிறது. அம்மரபு இன்றும் நம் நாவில் உள்ளது. தென்னம்பிள்ளை என்கிறோம்; மாங்கன்று, வாழைக்கன்று என்கிறோம். வீட்டுப் பிள்ளைக்கும் தென்னையின் பிள்ளைக்கும் மொழி ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. பிள்ளையை ஒரு நாள் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறந்துபோவதைத் தமிழர் வளர்ப்பென்று சொல்வதில்லை.

7. பெயரறிதல்

புன்னை சிங்கப்பூரின் கடற்கரைகளில் இயற்கையாக வளர்வது. மலாய் மொழியில் பெனாகா லாவுட் எனப்படும். ஜார்ஜ் டவுன் அமைந்துள்ள முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்னும் பழம்பெயர் வந்தது இம்மரத்தால்தான். நற்றிணையில் புன்னையைப் படிக்கும் மாணவர், கடற்கரைப் பூங்காவில் அதன் நிழலில் அமர்ந்து உணவருந்திவிட்டு, அது இன்ன மரமென்று அறியாமலே எழுந்து செல்கிறார். பாடநூலில் உள்ள மரமும் வெளியே உள்ள மரமும் ஒன்றென அவருக்கு யாரும் காட்டவில்லை.

இத்தகைய மரங்கள் இன்னும் உள. சங்கப் பாடல்களில் புலியோடு உவமிக்கப்படும் பொன்னிறப் பூவுடைய வேங்கையும், நம் சாலையோர அங்சானாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவினர். பூத்த மறுநாள் நடைபாதையில் மஞ்சள் விரித்தாற்போல் கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மாணவர்கள் பொறுக்கிச் சேர்க்கும் சிவந்த சாகா விதை, தமிழில் மஞ்சாடி. பொற்கொல்லர் அதனை நிறையளக்கப் பயன்படுத்தியதால் மஞ்சாடி என்பது ஓர் எடையளவின் பெயராகவும் வழங்கிற்று. சுங்கை பூலோவின் சதுப்பில் நிற்கும் பூத்தா பூத்தா என்னும் மரம் தமிழில் தில்லை. சிதம்பரத்தின் பழம்பெயர் அம்மரத்தால் ஏற்பட்டது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் குருடு என்னும் பொருளுடைய பெயரை மலாயர் அதற்கு இட்டனர்.

தென் அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்டு 1876இல் இங்கு வந்துசேர்ந்த ஒரு மரம், மாலையில் இலை கூப்புவதால் தமிழில் தூங்குமூஞ்சி ஆயிற்று. அதே நிகழ்வைக் கண்ட மலாயர் அதனைப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி, என்றனர். இரு மொழியினரும் ஒரே மரத்தை ஒரே கண்ணால் நோக்கியிருக்கின்றனர்.

மரத்தால் ஊருக்குப் பெயரிடுவதிலும் இரு மரபுகளும் ஒத்துள்ளன. நம் முன்னோர் குறிஞ்சி, முல்லை, மருதம் எனத் தாவரப் பெயரால் நிலத்தைக் குறித்தனர். இங்கே தெம்பினிஸ் மரத்தால் தெம்பனிஸ் வந்தது. கெராஞ்சி மரத்தால் கிராஞ்சி வந்தது. செம்பவாங் என்பதும் மரப்பெயரே. கமுகால் பினாங்கு, ஈப்போ மரத்தால் ஈப்போ, நெல்லியால் மலாக்கா. ஔவைக்கு அதியமான் ஈந்ததாகச் சொல்லப்படும் நெல்லியையும் மலாக்காவின் பெயரையும் ஒரே பாடவேளையில் கற்பிக்கலாம்.

இம்மண்ணுக்கே உரிய எல்லா மரங்களுக்கும் தமிழ்ப்பெயர் புனைந்தாக வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஐந்து வெள்ளித் தாளில் இடம்பெற்ற தெம்புசு மரம் தமிழிலும் தெம்புசு என்றே இருக்கட்டும். மெம்பாட் மெம்பாட்டாகவே இருக்கட்டும். வாழும் இடத்தின் சொற்களை ஏற்பது மொழிக்கு வலிமையே. தமிழில் பெயருள்ள மரத்திற்கு அப்பெயரையும், இல்லாத மரத்திற்கு இந்நாட்டுப் பெயரையும் மாணவர் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ‘ஒரு மரம்’, ‘ஏதோ ஒரு பூ’ என்று எழுதும் நிலை மாற வேண்டும் என்பதே நம் கவலை.

8. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

2020 ஏப்ரலில் தேசியப் பூங்காக் கழகம், பத்தாண்டுகளில் பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கத்தைத் தொடங்கியது. மலேசியாவில் 2021 முதல் 2025 வரை பத்துக் கோடி மரங்களை நடும் இயக்கம் அறிவிக்கப்பட்டது. எண்கள் பெரியவை. அவற்றை எட்டுவதற்கு அரசாங்கங்களிடம் நாற்றங்கால்களும் பணியாளர்களும் உள்ளனர். மாணவர் நடும் சில நூறு கன்றுகளால் அவ்வெண்கள் கூடப்போவதில்லை. நடாவிட்டால் குறையப்போவதும் இல்லை. ஆகவே மாணவர் பங்கின் பயனை எண்ணிக்கையில் தேடுவது பொருந்தாது. ஒரு மரத்தைப் பல்லாண்டுகள் அறிந்திருக்கும் மனிதரை உருவாக்குவதில்தான் அதனைத் தேட வேண்டும். அதனை நாற்றங்காலால் செய்ய இயலாது, பள்ளியால் இயலும்.

இதற்கு நாம் முன்வைக்கும் வழி எளியது. உயர்நிலை ஒன்றில் சேரும் வகுப்பு, பள்ளி வளாகத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். புதிதாக நடப்பட்ட கன்றாயின் சிறப்பு. ஏற்கெனவே நிற்பதாயினும் குறையில்லை. நான்காண்டுகள் அம்மரமே அவ்வகுப்பின் பொறுப்பு. 2018இல் தொடங்கப்பட்ட மர வரைபட இணையத்தளத்தில் தீவின் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அதில் தங்கள் மரம் இருக்கிறதா என்று தேடட்டும். அதன் அறிவியற்பெயர், மலாய்ப்பெயர், தமிழ்ப்பெயர் மூன்றையும் கண்டறியட்டும். பருவத்திற்கு ஒருமுறை தண்டின் சுற்றளவை நூலால் அளந்து எழுதட்டும். சட்டம் கூறும் ஒரு மீட்டரை எட்ட இன்னும் எவ்வளவு உண்டு என்பது அவர்களுக்கே தெரியவரும். பூத்த நாள், காய்த்த நாள், வந்த பறவை, விழுந்த கிளை ஆகியவற்றைத் தமிழில் குறிப்பேட்டில் பதியட்டும். வகுப்பு பள்ளியை விட்டுச் செல்லும்போது குறிப்பேடு அடுத்த வகுப்பின் கைக்குச் செல்லட்டும்.

மரத்தைப் பேணும் பணியாளரிடம் மாணவர்கள் பேச வேண்டும் என்பதையும் இதில் சேர்க்கிறோம். பல இடங்களில் அவர் தமிழ் பேசுபவராகவே இருப்பார். மண் ஏன் இறுகுகிறது, எந்தக் கிளையை ஏன் கழிக்கிறார், வறட்சியில் முதலில் வாடுவது எது என்று கேட்டால், பாடநூலில் இல்லாத விடைகள் கிடைக்கும். பாத்தியும் வரப்பும் அறிந்த ஊரிலிருந்து வந்தவரின் சொற்கள் நம் பிள்ளைகளின் தமிழுக்கு உரமாகும். அவரை மதிக்கவும் பிள்ளைகள் கற்பர்.

இதில் இடர்ப்பாடு இல்லாமலில்லை. பாடச்சுமை உண்டு, தேர்வு உண்டு, ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறுவதும் உண்டு. நட்ட கன்று பட்டுப்போகவும் கூடும். பட்டுப்போனால் அதனையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஏன் பட்டது என்று ஆராய வேண்டும். நீரின்மையா, வேரைச் சுற்றி நீர் தேங்கியதா, புல் வெட்டும் கருவி பட்டையைக் காயப்படுத்தியதா என்று ஆராயும் மாணவர், விழாநாளில் நிழற்படத்திற்கு நின்றவரைவிட மிகுதியாகக் கற்றிருப்பார்.

1963இல் மெம்பாட் நட்ட லீ குவான் இயூ, 2014 நவம்பரில் தம் 91ஆம் அகவையிலும் ஒரு மரக்கன்றை நட்டார். அவர் தொடங்கிய இயக்கம் தலைமுறைகளைக் கடந்து நிற்பதற்கு அவ்விடாமுயற்சியும், பெயர் தெரியாத பல்லாயிரவர் ஊற்றிய நீரும் காரணம். 2020இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த ஏழு அகவைப் பிள்ளைக்கு, பத்து இலட்சம் மர இயக்கம் நிறைவுறும் எனத் தொடக்கத்தில் திட்டமிடப்பட்ட 2030இல் பதினேழு அகவையாகும். அவ்வாண்டு எத்தனை மரங்கள் நடப்பட்டன என்பதை அறிக்கைகள் கூறும். அப்பிள்ளை ஒரு மரத்தையேனும் பெயர் சொல்லிக் காட்டி, அதன் பத்தாண்டு வளர்ச்சியைத் தமிழில் கூறவல்லதாக இருக்குமா என்பதற்கு விடை, இங்கு அமர்ந்துள்ள ஆசிரியர்களின் அடுத்த பருவப் பாடத்திட்டத்தில் தொடங்குகிறது.